லிட்டருக்கு எவ்வளவு என்னும் கேள்வி

திருச்சிராப்பள்ளியில் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் தம்பி முறையான ஒருவர், இருபது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிளிலேயே மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு வெயிலிலும் மழையிலும் திரிந்த பிறகு, சென்ற ஆண்டு ஒரு சிறிய எஸ்.யு.வி. வாங்கத் தீர்மானித்து, அது குறித்து உற்றார் உறவினர் அனைவரிடமும் யோசனை கேட்டார். மாமனார், உடன் பணிபுரியும் ஆசிரியர்கள், எதிர்வீட்டு வங்கி அதிகாரி, வண்டி ஓட்டியே பிழைக்கும் பழைய மாணவன் ஒருவன் என்று அவர் யாரிடம் போனாலும், வண்டியின் பெயரைச் சொல்லி வாய் மூடுமுன் அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: “லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?” அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் வண்டியைப் பற்றிய விசாரணையே முடிந்துவிட்டது என்பது அவர்கள் எல்லோருடைய அபிப்பிராயம். அதிகம் கொடுப்பது சிக்கனமான வண்டி, குறைவாகக் கொடுப்பது வீட்டைக் கரைக்கும் வண்டி. ஆகையால் விலை சற்றுக் கூடினாலும் அதிகம் கொடுப்பதையே வாங்கவேண்டும், கூடுதலாகப் போட்ட பணம் பெட்ரோலில் தானே திரும்பி வந்துவிடும் என்று அவருக்கு ஒருமுகமாக உபதேசம் செய்யப்பட்டது. நம் நடுத்தரக் குடும்பங்களில் இந்தக் கொள்கை இன்று வேதவாக்காகவே வழங்கிவருகிறது.

இது பிழையான கொள்கை என்பது என் துணிபு. சிக்கனத்தின் பெயராலேயே இது சாமானிய குடும்பங்களைச் செலவுக்குள் தள்ளுகிறது என்பதையும், ஆண்டுக்குச் சில ஆயிரங்களை மிச்சப்படுத்தும் ஆசையில் லட்சங்களை முன்னதாகவே இழக்கச் செய்கிறது என்பதையும், எவரும் ஒரு தாளும் பென்சிலும் கொண்டு சரிபார்த்துக்கொள்ளக்கூடிய கணக்காலேயே நிரூபிக்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இந்தக் கொள்கை காரணமின்றிப் பிறந்ததன்று. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் அம்பாசிடரும் ஃபியட்டும் வைத்திருந்தவர்கள், ஒரு வண்டியை வாங்கினால் பதினைந்து இருபது ஆண்டுகள் அதை விடாமல் வைத்திருந்தார்கள். அப்படி வைத்திருப்பவருக்கு வண்டியின் விலை ஆண்டுகள் தோறும் பங்கிடப்பட்டுச் சிறிதாகிவிடும். எரிபொருள் ஒன்றே மாதந்தோறும் உறுத்தும் செலவாக நிற்கும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது அதன் புகழுக்கு ஒரு பெருங்காரணம் அது குறைந்த பெட்ரோலில் நெடுந்தூரம் ஓடியதே. பிற்காலத்தில் டீசல் கார்களின் மோகம் எழுந்ததற்கும் நியாயம் இருந்தது. 2012-இல் டெல்லியில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருந்தது. டீசலின் விலையை அரசாங்கம் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. 2014 அக்டோபரில் அந்தத் தாங்குதல் நீக்கப்பட்டது. பிறகு அந்த வித்தியாசம் தமிழ்நாட்டில் எட்டு ஒன்பது ரூபாயாகச் சுருங்கியது. நிலைமை மாறிற்று, வண்டிகளின் விலை ஏறிற்று, ஐந்தாறு ஆண்டுகளில் வண்டியை மாற்றும் வழக்கமும் பரவிற்று. கேள்வி மட்டும் மாறவில்லை.

அந்தக் கேள்விக்கு விடையாக விளம்பரங்களில் அச்சிடப்படும் எண் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தவர் நம்மில் மிகச் சிலரே. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. முதலிய சோதனை நிலையங்களில் வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே சக்கரங்களைச் சுழலவிட்டு, ஏறக்குறைய இருபது நிமிஷ நேரம் முன்பே வகுக்கப்பட்ட ஒரு வேக அட்டவணைப்படி ஓட்டி, வெளிவரும் புகையை அளந்து, எரிபொருள் எவ்வளவு செலவாயிற்று என்று கணக்கிடுகிறார்கள். அந்த அட்டவணையில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். சராசரி வேகமோ முப்பதைச் சற்றே தாண்டும். ஏ.சி. ஓடுவதில்லை, எதிர்க்காற்று இல்லை, மேம்பாலம் இல்லை, பள்ளிக்கூட வாசலில் இன்ஜினை அணைக்காமல் கால்மணி காத்திருப்பதும் இல்லை. இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. எல்லா வண்டிகளையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்ப்பதற்கு இப்படி ஒரு ஏற்பாடு அவசியந்தான். ஆனால் தராசுக்காக ஏற்பட்ட எண்ணைத் தன் வீட்டுக் கணக்கில் வரவாக எழுதிக்கொள்பவர், சித்திரை மாதத்துச் சென்னையில் ஏ.சி.யை முழு வேகத்தில் வைத்து, சிக்னலுக்குச் சிக்னல் நின்று நின்று போகும்போது, 18 என்று அச்சிட்ட வண்டி 12-ம் 13-ம் தருவதைக் கண்டு ஏமாந்தோமே என்று மனம் நோகிறார். போதாக்குறைக்கு, பெட்ரோலில் இருபது சதவிகிதம் எத்தனால் கலப்பதும் வந்துவிட்டது. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. எனவே அக்கலவை எரிந்து தரும் உஷ்ணமே ஆறேழு சதவிகிதம் குறைந்துதான் இருக்கும். இன்ஜினைத் திட்டிப் பயனில்லை.

எண் இருக்கட்டும், அந்த அளவையே நம் கண்ணைக் கட்டுகிறது என்பது இதைவிட முக்கியமான விஷயம். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நாம் கேட்கிறோம். ஐரோப்பியர்களோ நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் வண்டியை விட்டு 12 ஓடும் வண்டிக்கு மாறினால், ஆயிரம் கிலோமீட்டரில் 16 லிட்டருக்கு மேல் மிச்சம். 20 ஓடும் வண்டியை விட்டு 24 ஓடும் வண்டிக்கு மாறினால், அதாவது இரண்டுக்குப் பதில் நான்கு கிலோமீட்டர் கூடினால், மிச்சம் 8 லிட்டர்தான். எண் மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டர் கூடுதலின் மதிப்பும் தேய்ந்துகொண்டே வருகிறது. ஆனால் ஷோரூமில் நிற்பவர் 24 என்ற எண்ணைக் கண்டு பூரித்து, அந்த நான்கு கிலோமீட்டருக்காக விலையில் ஒரு லட்சம் கூட்டிக் கொடுக்கத் தயாராகிவிடுகிறார். நம் அளவை கிலோமீட்டருக்குப் பதில் லிட்டரைக் காட்டுவதாக இருந்திருந்தால், இந்தத் தவறில் பாதி நேர்ந்திராது.

இனிக் குடும்பக் கணக்குக்கு வருவோம். நான் எடுத்துக்கொள்வது, ஷோரூம் விலை 9,50,000 ரூபாயுள்ள ஒரு பெட்ரோல் சிறு எஸ்.யு.வி. ஆண்டுக்கு 8,000 கிலோமீட்டர் ஓட்டம்: வேலைக்கும் கடைத்தெருவுக்கும் போய்வருவது, பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் சொந்த ஊர், இடையே ஒரு கல்யாணம், ஒரு கோயில். அச்சிட்ட எண்ணை நம்பாமல் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் என்றும், பெட்ரோல் விலையைக் கணக்குக்கு வசதியாக நூறு ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 571 லிட்டர். ஏறக்குறைய 57,000 ரூபாய். சிறிய தொகையென்று நான் சொல்லவில்லை. ஓர் ஆசிரியர் குடும்பத்தில் மாதம் 4,750 ரூபாய் என்பது கவனிக்கத்தக்க செலவு.

ஆனால் அதன் பக்கத்திலேயே, சத்தமில்லாமல், வேறொரு செலவு நடந்துகொண்டிருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பை நிர்ணயிக்க வைத்திருக்கும் தேய்மான அட்டவணையை எடுத்துப் பாருங்கள். முதல் ஆறு மாதத்துக்குள் 5 சதவிகிதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்தாண்டு முடிவதற்குள் 50. இந்தப் பிரமாணப்படி நம் வண்டி ஐந்தாண்டில் 4,75,000 ரூபாயை இழக்கிறது, ஆண்டுக்கு 95,000. சந்தையில் விற்கும்போது சற்றுக் கூடவோ குறையவோ கிடைக்கலாம். ஆயினும் இந்தத் தொகை எரிபொருள் செலவைவிட மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. பெட்ரோல் பங்கில் நிற்கும்போது மீட்டர் ஓடுவது கண்ணுக்குத் தெரிகிறது. இரவில் வாசலில் நிறுத்தியிருக்கும் வண்டி ஒரு சொட்டு எரிக்காமலே நாளொன்றுக்கு 260 ரூபாய் குறைந்துகொண்டிருப்பதைக் காட்டுவதற்கு மீட்டர் ஏதும் இல்லை.

இதனோடு தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியைச் சேர்க்கவேண்டும். 2023 நவம்பர் முதல், ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவிகிதம். பத்து லட்சத்தைத் தாண்டி இருபது லட்சம் வரை 18 சதவிகிதம். நம் வண்டிக்கு 1,23,500 ரூபாய். விற்கும்போது இதைத் தனியே எவரும் திருப்பித் தருவதில்லை. பத்தாண்டுக்குப் பங்கிட்டாலும் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் ஆகிறது. அடுத்தது கடன். எட்டு லட்சம் ரூபாயை 9 சதவிகித வட்டியில் ஐந்தாண்டுத் தவணைக்கு வாங்கினால், மாதம் 16,607 ரூபாய் வீதம் கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் ஏறக்குறைய 1,96,000. ‘மாதத் தவணை பாரமாக இருக்கும், ஏழாண்டாக ஆக்கிக்கொள்ளுங்கள்’ என்று அன்போடு சொல்லப்படும் யோசனையை ஏற்றால், தவணை 12,871-ஆகக் குறையும். வட்டியோ 2,81,000-ஆக ஏறும். வித்தியாசம் 85,000 ரூபாய். அதாவது 850 லிட்டர் பெட்ரோல். இந்தக் குடும்பம் ஒன்றரை ஆண்டுக்கு எரிக்கக்கூடிய பெட்ரோல் முழுவதும், ஒரு கையெழுத்தில், ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் போய்விட்டது. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைகிறதே என்று மூன்று மாதம் ஆராய்ந்த மனிதர், இந்தக் கையெழுத்தைப் போட மூன்று நிமிஷமும் யோசிப்பதில்லை. இதைப் பலமுறை என் கண்ணாலேயே கண்டு வருந்தியிருக்கிறேன்.

காப்பீடு, சர்வீஸ், டயர் ஆகியவற்றை நான் விரித்துரைக்கப் போவதில்லை. 2022-இல் நிர்ணயித்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், 1000 கன சென்டிமீட்டருக்கு மேற்படாத இன்ஜினுக்கு 2,094 ரூபாயாகவும், அதற்கு மேல் 1500 வரை 3,416 ரூபாயாகவும், அதையும் தாண்டினால் 7,897 ரூபாயாகவும் படிப்படியாக ஏறுகிறது என்பதையும், எஸ்.யு.வி.யின் அகலமான டயர் சிறிய காரின் டயரைவிட விலை கூடியது என்பதையும் குறிப்பிட்டால் போதும்.

இந்த நிலையில், லிட்டருக்கு 14 தரும் வண்டியை விட்டு 16 தரும் வண்டியைத் தேர்ந்தெடுத்தால் என்ன லாபம்? ஆண்டுக்கு 71 லிட்டர், 7,100 ரூபாய். மாதத்துக்கு அறுநூறு ரூபாய்கூட இல்லை. அந்த 16-ஐத் தருவது ஒரு லட்சம் விலை கூடிய வண்டியாக இருந்து, அதன் விலை பத்து லட்சம் என்ற கோட்டைத் தாண்டி 10,50,000 ஆகுமானால், ஆயுட்கால வரி 1,89,000 ஆகிவிடுகிறது. வரியில் மட்டும் 65,500 கூடுதல்; விலையும் சேர்ந்து 1,65,500. இதை 7,100-ஆல் வகுத்தால் இருபத்துமூன்று ஆண்டுகள் ஆகின்றன. போட்ட பணம் பெட்ரோலில் திரும்பி வந்துவிடும் என்று என் தம்பிக்கு உபதேசம் செய்தவர்களை மரியாதையோடு கேட்கிறேன்: எந்த ஆண்டில்?

டீசல் வண்டியின் விஷயமும் இத்தகையதே. ஒரே மாதிரியான வண்டியில் டீசல் வகை ஒன்றேகால் லட்சம் விலை கூடுதல் என்றும், லிட்டர் 92 ரூபாய்க்கு 18 கிலோமீட்டர் ஓடும் என்றும் கொள்வோம். எட்டாயிரம் கிலோமீட்டரில் மிச்சம் 16,250 ரூபாய். முதற்பார்வைக்கு நல்ல தொகைதான். ஆனால் அந்தக் கூடுதல் விலையும், அதனால் பத்து லட்சத்தைத் தாண்டி ஏறும் வரியும் சேர்ந்து 1,95,000 ஆகின்றன. அதை 7 சதவிகித வட்டிக்கு வங்கியில் போட்டுவைத்தாலே ஆண்டுக்கு 13,650 கிடைக்கும். எஞ்சுவது 2,600 ரூபாய். தவிரவும் 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்த பிறகு, டீசல் காரின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பிடித்த கரியை அது தானே எரித்துச் சுத்தப்படுத்திக்கொள்ளவேண்டுமானால், வண்டி நெடுஞ்சாலையில் சிறிது நேரம் தடையின்றிச் சீரான வேகத்தில் ஓடவேண்டும். பள்ளிக்கும் சந்தைக்குமாக மூன்று மூன்று கிலோமீட்டராக ஓடும் வண்டியில் அந்த அவகாசம் கிடைப்பதில்லை; வடிகட்டி அடைத்துக்கொள்கிறது; விளக்கு எரிகிறது; ஒர்க்‌ஷாப்புக்குப் போகவேண்டியதாகிறது. அந்த ஆண்டே மாருதி நிறுவனம் டீசல் கார்களை அடியோடு கைவிட்டது என்பதும் யோசிக்கத்தக்கது.

இதே கொள்கையின் மறுபக்கமாக, எஸ்.யு.வி. என்றாலே எண்ணெய் குடிக்கும் என்று அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய அச்சமும் அந்த ஒற்றை எண்ணையே பற்றிக்கொண்டிருப்பதால் வந்தது. 2006-ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில், நான்கு மீட்டர் நீளத்துக்கும், பெட்ரோலானால் 1200, டீசலானால் 1500 கன சென்டிமீட்டருக்கும் மேற்படாத கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவிகிதத்திலிருந்து 16-ஆகக் குறைக்கப்பட்டது. அந்த நான்கு மீட்டர் விதி ஜி.எஸ்.டி.யிலும் தொடர்ந்து, 2025 செப்டம்பர் முதல் அதற்குட்பட்டவற்றுக்கு 18, மற்றவற்றுக்கு 40 சதவிகிதம் என்று நிற்கிறது. மறைமலைநகரில் தயாரான ஈகோஸ்போர்ட், பிறகு விட்டாரா பிரெஸ்ஸா, நெக்ஸான், இருங்காட்டுக்கோட்டையில் தயாராகத் தொடங்கிய வென்யூ என்று இந்தச் சிறு எஸ்.யு.வி.க்கள் எல்லாம் அந்த அளவுக்குள் அடங்கப் பிறந்தவை. பலவற்றில் இருப்பது சிறிய காரின் இன்ஜினே. பலேனோ என்னும் சிறிய காரும் ஃபிராங்க்ஸ் என்னும் சிறு எஸ்.யு.வி.யும் ஒரே 1.2 லிட்டர் இன்ஜினைச் சுமக்கின்றன. சோதனையில் முன்னதற்கு 22.35, பின்னதற்கு 21.79 கிலோமீட்டர். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினால் வித்தியாசம் பதினொன்றரை லிட்டர், ஏறக்குறைய 1,150 ரூபாய். எஸ்.யு.வி.க்காக நாம் கூடுதலாகக் கொடுப்பது வாங்கும் விலையிலும், அதன்மேல் ஏறும் வரியிலும், வட்டியிலும், தேய்மானத்திலுமே ஒழியப் பெட்ரோல் பங்கில் அன்று.

என் கட்சிக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றை மறைக்கக்கூடாது. ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓட்டும் வாடகை வண்டிக்காரரும், ஊர் ஊராகச் சுற்றும் மருந்து விற்பனைப் பிரதிநிதியும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேற்சொன்ன டீசல் மிச்சம் 81,000 ரூபாயைத் தாண்டும். போட்ட பணம் இரண்டரை ஆண்டுக்குள் திரும்பிவிடும். அவர்கள் முதலில் லிட்டர்க் கணக்கைக் கேட்பது முற்றிலும் நியாயம். என் தம்பியின் பழைய மாணவன் அப்படிக் கேட்டதில் தவறில்லை. தன் தொழிலின் அளவுகோலால் ஆசிரியருடைய வீட்டை அளந்ததே தவறு. அதிகம் கொடுக்கும் வண்டி பழைய வண்டிச் சந்தையில் நல்ல விலைக்குப் போகும் என்பதும் ஓரளவு உண்மையே. ஆனால் அந்த விலை முன்னதாக நாம் கூடுதலாகக் கொடுத்த தொகையில் ஒரு பகுதி திரும்பி வருவதுதான். கொடுத்ததற்கு மேல் வருவதன்று.

எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் வேறொன்று. நம் தேசம் தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவிகிதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. ஆகவே பணக்கணக்கு எப்படியாயினும் எரிபொருளை மிச்சப்படுத்துவது குடிமக்களின் கடமை என்பார்கள். இதை நான் தலைவணங்கி ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டே, அந்தக் கடமை வண்டி வாங்கும் நாளில் ஒரு எண்ணைப் பார்த்ததோடு தீர்ந்துவிடுவதாக நினைக்கும் மனப்பான்மையைத்தான் கண்டிக்கிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுவது. 80-லிருந்து 100-க்குப் போனால் அந்த எதிர்ப்பு 56 சதவிகிதம் கூடுகிறது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பதுபோல் உயர்ந்து அகன்ற முகமுள்ள எஸ்.யு.வி.க்கு, தாழ்ந்த காரைவிட இது பெரிய பாரம். செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம் சாலையில் 110-இல் பறப்பவர், ஷோரூமில் தேடிப் பிடித்த அந்த இரண்டு கிலோமீட்டரையும் விழுப்புரம் போய்ச் சேருமுன் காற்றில் விட்டுவிடுகிறார். டயரில் காற்று குறைந்தபடி மாதக்கணக்கில் ஓட்டுவதும், முன்னே சிவப்பு விளக்கைக் கண்ட பிறகும் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டுப் பிறகு பிரேக்கில் ஏறி நிற்பதும், நடந்து போகக்கூடிய தூரத்துக்கு வண்டியை எடுத்து இன்ஜின் சூடேறுவதற்குள் அணைப்பதும், எந்த வண்டியானாலும் எண்ணெயைக் கொட்டுகிற காரியங்கள். குடிமைக் கடமையைச் செய்ய விரும்புவோருக்கு இடம் அங்கே இருக்கிறது. அதற்குக் காசும் வேண்டியதில்லை.

என் தம்பியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கணக்கு முழுவதையும் பள்ளி நோட்டு ஒன்றில் எழுதிப் பார்த்தோம். கூட்டல் வகுத்தலில் என்னைவிட அவர் கெட்டிக்காரர். இரண்டு இடங்களில் என்னைத் திருத்தினார். மறுவாரம் ஷோரூமுக்குப் போனவர், முதல்முறை கேட்ட கேள்வியை இந்த முறை கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டுக் காப்பீடு எவ்வளவு வரும், ஐந்து டயரும் மாற்றினால் என்ன ஆகும், ஐந்தாண்டுத் தவணைக்கும் ஏழாண்டுத் தவணைக்கும் மொத்த வட்டி எவ்வளவு என்று கேட்டார். அங்கிருந்த இளைஞர் நல்ல பிள்ளை. இவையெல்லாம் இதுவரை யாரும் கேட்டதில்லை சார் என்று சொல்லி, உள்ளே போய் ஒவ்வொன்றாக விசாரித்து எழுதிக்கொண்டு வந்தார். அரைமணி ஆயிற்றாம்.